உருளும் என்று வைத்துக்கொள்வோம்

சற்குணம் சார் கரும்பலகையில் கோடு இழுத்தால் அது நடுவில் கொஞ்சம் தொய்யும். பாரமே ஏற்றாமல் வளைகிற உத்தரம் உலகத்திலேயே எங்கள் கல்லூரியில்தான் உண்டு என்று மாணவர்கள் பெருமை பேசுவார்கள். அந்தத் தொய்ந்த கோடுகளைக் கொண்டே அவர் முப்பத்திநாலு வருஷம் அப்ளைடு மெக்கானிக்ஸ் நடத்தி ஓய்வு பெற்றார்.

அவரிடம் ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர் குழல்வாய்மொழி. நாற்பத்தொன்பது வயது, இப்போது அதே துறைக்குத் தலைவர். பழைய இரும்புப் பாலம் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று சொல்ல அவர் ஒரு சூத்திரம் கண்டுபிடித்திருந்தார். அது பாடப்புத்தகம் வரைக்கும் போய்விட்டது.

ஒரு சித்திரை மாதக் காலையில், ஆறரை மணிக்கே, குழல்வாய்மொழி சார் வீட்டு வாசலில் நின்றார். கையில் தடிமனான கோப்பு.

"வாய்க்கால் பாலம், சார். பழுதுபார்த்து பெயின்ட் அடிச்சாச்சு. நாளைக்குத் திறப்பு விழா. தாங்கும்னு நான் சான்று கொடுக்கணும். மூணு மணிக்கு நகராட்சி இன்ஜினியர் வந்து வாங்கிக்கிறாராம்."

"தாங்குமா?"

"கணக்குப்படி ரெண்டு மடங்கு தாங்கும்."

"பிறகு ஏன் காபி கூடக் குடிக்காம இங்க வந்து நிக்கிற?"

"தெரியல சார். பேனாவை எடுத்தா கை நகர மாட்டேங்குது."

சார் கோப்பைப் பிரித்தார். நாற்பத்திரண்டு பக்கம். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். அங்கே பாலத்தின் படம்: ஒரு நீளக் கோடு, அதன் ஒரு முனைக்குக் கீழே முக்கோணம், மறுமுனைக்குக் கீழே சின்ன வட்டம். வெயிலில் இரும்பு நீளும். நீளுவதற்கு இடம் கொடுக்க ஒரு முனையை உருளைமேல் உட்கார வைப்பார்கள். அந்த உருளைதான் வட்டம்.

படத்துக்கு அடியில் ஒரு வரி. 'உருளை தடையின்றி உருளும் என்று வைத்துக்கொள்வோம்.'

"இது யார் வரி, குழலி?"

"உங்க வரிதான் சார். ரெண்டாம் வருஷத்துல நீங்க போர்டுல எழுதிப் போட்டது."

"அதான், எங்கேயோ பார்த்த மாதிரி இருந்துச்சு."

சார் உள்ளே போய் ஒரு சாக்பீஸும் குடையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

வாய்க்காலில் தண்ணீர் இல்லை. இருவரும் இறங்கிப் பாலத்தின் கிழக்கு முனைக்குப் போனார்கள். உருளை புதுப் பச்சை பெயின்டில் பளபளத்தது. மேல் தகட்டில் தொடங்கி, உருளையின் முகப்பு வழியாக, கீழ்த் தகடு வரைக்கும் சார் ஒரு கோடு இழுத்தார்.

"வெயில் ஏறட்டும். இரும்பு நீண்டா மேல் தகடு நகரும், உருளை உருளும், கோடு துண்டாகும். வா, டீ குடிக்கலாம்."

கரைமேல் ஒரு டீக்கடை இருந்தது. குழல்வாய்மொழி டம்ளரைத் தொடவில்லை. சார் ஊதி ஊதிக் குடித்தார்.

"ஒரு வாத்தியார் இருந்தார்," என்றார் சார். "எந்தக் கணக்கை எடுத்தாலும் 'உராய்வு இல்லைன்னு வச்சுக்குவோம்'பார். 'கயித்துக்கு எடை இல்லைன்னு வச்சுக்குவோம்'பார். கணக்கு ரெண்டே வரியில முடிஞ்சிரும். ஆனா, இல்லைன்னு சொன்னதையெல்லாம் எங்கயாவது வைக்கணுமில்ல? துறையில ஒரு இரும்பு அலமாரி இருந்துச்சு. அதுக்குள்ள வச்சார். முதல் வருஷம் உராய்வு. அப்புறம் காத்து. பத்து வருஷத்துல ஊர்ல உள்ள கயிறு பூராவோட எடையும் உள்ள போயிருச்சு. பிறகு துரு, மண்ணோட ஈரம், கொத்தனார் சாப்பாட்டு நேரத்துல அவசரமாப் பூசினது, எல்லாம். தரை அரை அடி இறங்கிருச்சு. கீழ் மாடியில கெமிஸ்ட்ரிக்காரங்க குனிஞ்சு குனிஞ்சு நடந்தாங்க."

"பொய், சார்."

"கேளு. அலமாரியை நகர்த்த எட்டு பேர் வந்தாங்க. இம்மி அசையல. ஒரு பையன் சும்மா இருக்காம, 'உராய்வு இல்லைன்னு வச்சுக்குவோம்'னான். அவ்வளவுதான். அலமாரி வழுக்கிக்கிட்டு வராண்டா பூரா ஓடி, பிரின்சிபால் ரூம் வாசல்ல போய்த்தான் நின்னுச்சு."

குழல்வாய்மொழி அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

"யார் சார் அந்த வாத்தியார்?"

"பேர் மறந்து போச்சு. சாவி என்கிட்டதான் இருக்கு."

குழல்வாய்மொழி வகுப்புக்குப் போய்விட்டு இரண்டு மணிக்குத் திரும்பி வந்தார். பாலத்தின் கைப்பிடியைத் தொட முடியவில்லை; அவ்வளவு சூடு. இருவரும் கீழே இறங்கினார்கள்.

கோடு அப்படியே இருந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரு இடத்திலும் துண்டாகவில்லை. சார் ஆயுசில் போட்ட கோடுகளிலேயே அதுதான் நேராக இருந்தது.

குழல்வாய்மொழி தன் வண்டிச் சாவியால் பெயின்டைச் சுரண்டினார். அடியில் துரு. அது உருளையையும் தகட்டையும் ஒரே கட்டியாக ஆக்கியிருந்தது.

"ஏழு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கணும், சார்."

"இரும்பு அதுபாட்டுக்குத் தள்ளியிருக்கும். இங்க வழி கிடைக்கல. வேற எங்க தள்ளுச்சோ."

குழல்வாய்மொழி உருளையைத் தாங்கும் தூணைப் பார்த்தார். தூணின் தலையை ஒட்டி, மயிரிழையாக, ஒரு விரிசல். அதை அவர் போன வாரமே பார்த்திருந்தார். பதினேழாம் பக்கத்தில் எழுதியும் இருந்தார்: 'மேற்பூச்சு விரிசல் என்று வைத்துக்கொள்ளலாம்.'

செல்போன் அடித்தது. நகராட்சி இன்ஜினியர்.

"கிளம்பிட்டேன் மேடம். பந்தல் போட்டாச்சு. மேளக்காரங்களுக்கும் சொல்லியாச்சு. நீங்க ஒரு கையெழுத்து வச்சிட்டா முடிஞ்சுது."

குழல்வாய்மொழி செல்போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"நாளைக்கு ஊரே மேள சத்தத்தோட இதுமேல ஏறும், சார்."

"ஏறும்."

"மாட்டேன்னு சொன்னா, ஏன்னு கேப்பாங்க. என் சூத்திரத்துலயும் இதே வட்டம்தான் இருக்கு. பதினெட்டு வருஷமா."

"என் பாடத்துலயும் இருந்துச்சு. முப்பத்திநாலு வருஷமா."

செல்போனுக்குள் இன்ஜினியர் "மேடம், மேடம்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து வைக்கவா, சார்?"

சற்குணம் சார் விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளை வேட்டியில் துடைத்தார்.

"கையெழுத்தை நீயே வச்சுக்கோ, குழலி. அலமாரியில இந்த விரிசலை வைக்க இடமில்லை."