பத்தாம் நம்பர் சட்டை

எங்கள் கடற்கரைக் கால்பந்து அணிக்குக் கோல் போடும் ஜெனிஸ்டனைச் சென்னை அணிக்கு விற்கத் தலைவர் அல்போன்ஸ் முடிவெடுத்தார். வாங்க வந்த மேனேஜர் முன்னாலேயே ரசிகர்கள் கொதித்தார்கள்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "கோல் போடுறது அவனா? மாதா கோயில்ல மந்திரிச்ச பத்தாம் நம்பர் சட்டை! எவன் போட்டாலும் கோல் விழும். இல்லேன்னு சொல்ல ஆளிருந்தா, விக்கிறதையே நிறுத்துறேன்."

மாதா பெயரைச் சொன்னதும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

சட்டை துவைக்கும் பிரகாசி எழுந்தாள். "தலைவர் சொன்னது சத்தியம்" என்றபடி, மடித்த சட்டையை மேனேஜர் மடியில் வைத்தாள். "அதே விலைக்கு இதைக் கொண்டுபோங்க சார். பையன் இங்கயே கிடக்கட்டும்."

மேனேஜர் பதறினார். "சட்டை எதுக்கும்மா? எனக்கு ஆள்தான் வேணும்!"

"எங்களுக்கும் அதேதான் சார்."

எழுந்த விசில் சத்தத்தில் தலைவரின் மைக் எடுபடவே இல்லை.