தேனீக்களுக்கு வெட்டிக்கொடுத்த செய்தித்தாள்

மாங்காட்டுவிளையில் மூளை பங்கிட்ட அன்று நான் சந்தைக்குப் போயிருந்தேன். ஏசுவடியானும் மிக்கேலும் என்கூடத்தான் வந்திருந்தார்கள். ஊரில் தேனீ வளர்ப்போர் சங்கம் என்பது நாங்கள் மூன்று பேர்தான்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு பெட்டி. மழையில் கூட்டம் மெலிந்துபோயிற்று. ரப்பர் மரம் துளிர்த்துத் தேன் வருகிற காலம் நெருங்கிவிட்டது. அதற்குள் தேற்றாவிட்டால் பெட்டி காலி. பெட்டி இல்லாதவனுக்குச் சங்கத்தில் இடம் இல்லை. சங்கம் இல்லையென்றால் நான் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் பெஞ்சாதி வேலை வைப்பாள்.

ஏசுவடியான் பெட்டியில் தேனீ மொய்த்துக் கிடந்தது. இரண்டையும் சேர்த்துவிடலாம் என்றான். நல்லவன்.

பயிற்சி கொடுக்கும் ஸ்டெல்லா அம்மாவுக்குப் போன் போட்டேன். பொறுமையாகச் சொன்னார். மெலிந்த கூட்டத்து ராணியை வெளியே எடுத்துவிட வேண்டும். பொழுது சாயும்போது, பலமான பெட்டியின் மூடியைத் திறந்து, ஒரு செய்தித்தாளை விரித்து, அதன்மேல் மெலிந்த பெட்டியை வைக்க வேண்டும். நேராகச் சேர்த்தால் வாசம் வேறு என்று ஒன்றையொன்று கொன்று தீர்த்துவிடும். தாளைக் கடித்துத் துளைத்து வருவதற்குள் இரண்டின் வாசமும் ஒன்றாகிவிடும். சண்டை வராது.

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? எங்களுக்குப் புரியவில்லை.

முதலில் ராணி. மிக்கேல் அவளைத் தீப்பெட்டியில் பிடித்து வெளியே எடுத்தான். முற்றத்தில் ஒரு சுற்றுக் காட்டினான். பாவம், வெயில் என்று மறுபடி உள்ளே விட்டான். நான் சீறினேன்.

"வெளியே எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன். திரும்ப விடக்கூடாதுன்னு சொன்னாங்களா அண்ணாச்சி?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. "பொறவு என்னவே, மூடு" என்றேன்.

அடுத்தது செய்தித்தாள். ஏசுவடியான் அன்றைய தாளைக் கொண்டுவந்தான். விரிக்கப்போன என் கையை அவனே பிடித்தான். முதல் பக்கத்தைக் காட்டினான். வரப்புத் தகராறில் அண்ணனைத் தம்பி வெட்டியிருந்தான்.

"சண்டை வரக்கூடாதுன்னுதான் தாள் வைக்கோம். இதை வச்சா வெளங்குமா?"

நியாயம். ஈக்குப் படிக்கத் தெரியுமா என்று மிக்கேல் கேட்டான்.

"தெரியாமலா அந்த அம்மா செய்தித்தாள் கேட்டாங்க? இல்லேன்னா வெறுந்தாள் போதும்னு சொல்லியிருப்பாங்கல்லா."

இதைச் சொன்னது நான். பெட்டிக்குச் சொந்தக்காரன்.

கத்தரிக்கோல் வந்தது. கொலை, கொள்ளையை எடுத்தோம். சட்டசபையை எடுத்தோம். கால்பந்து வெறும் விளையாட்டுதானே என்றான் ஏசுவடியான். மிக்கேல் வாயைத் திறந்து, கோயில் திருவிழாப் பந்தாட்டத்தில் பல் போன இடத்தைக் காட்டினான். அதையும் எடுத்தோம். கல்யாண விளம்பரமாவது இருக்கட்டும், சேர்ந்து வாழப் போகிறவை படிக்கட்டும் என்றேன்.

"அதுலதான் அண்ணாச்சி எல்லாச் சண்டையும் தொடங்குது" என்றான் மிக்கேல். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வெட்டினோம்.

மிஞ்சியது நாலு ஓரமும் ஒரு பல்பொடி விளம்பரமும். நடுவில் தலை நுழையும் ஓட்டை. படிக்கிற ஈ இனிக் கெட்டுப்போக வழியில்லை. விரித்து, மேலே என் பெட்டியை வைத்தோம்.

உள்ளே உறுமல் எழுந்தது.

"சத்தம் போட்டு வாசிக்குது" என்றான் ஏசுவடியான்.

கொஞ்ச நேரத்தில் பெட்டி வாசலில் செத்த ஈ விழுந்தது. பிறகு குவிந்தது. ஓட்டை வழியாகக் கீழ்க்கூட்டம் ஏறி என் ஈக்களை அடித்துக்கொண்டிருந்தது. பதறிப்போய் மேல்பெட்டியைத் தூக்கினேன். அதுவரை ஒன்றையொன்று கொட்டியவை ஒரே முடிவுக்கு வந்தன. என் மூக்கில் ஆரம்பித்தன.

"சேர்ந்துட்டு அண்ணாச்சி" என்று ஓடிக்கொண்டே சொன்னான் மிக்கேல்.

வாழைத்தோப்பில் குப்புறக் கிடந்து தலையைத் தூக்கினோம். அந்தி நேரத்தில் ஈ கூடு விட்டுப் போகாது என்பார்கள். போயிற்று. இரண்டு பெட்டி ஈயும் ஒரே புகையாகக் கிளம்பி, தெருமுக்கில் நின்ற பேருந்தின் பின் ஏணியில் கொத்தாகத் தொங்கியது. பேருந்து கிளம்பிவிட்டது.

என் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். வேறொரு வண்டி வந்தது. ஏறுதியளா என்றார்கள். இல்லை, இறங்குகிற ஆட்களுக்காக நிற்கிறோம் என்றேன்.

பழைய வண்டி திரும்பி வந்தபோது ஏணி காலி. கண்டக்டர் வீங்கின மூன்று மூஞ்சியைப் பார்த்தார். ஈ எல்லாம் எல்லை தாண்டி ஒரு பலாமரத்தில் இறங்கிவிட்டது என்றார்.

பெட்டியைக் கீழே வைத்தேன். "எல்லாம் ஒரே மரத்துலயா?"

"ஒரே கொம்புல."

"சண்டை?"

"ஒண்ணும் இல்ல பெரியவரே. ஒத்துமையாத்தான் இருக்கு."

ஏசுவடியான் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். மிக்கேல் ஸ்டெல்லா அம்மாவுக்குப் போன் போட்டு, சொன்னபடியே செய்தோம், சேர்ந்துவிட்டது என்றான். அவருக்கும் சந்தோஷம். இனிக் கொஞ்ச நாளைக்குப் பெட்டியை இருக்கிற இடத்தைவிட்டு நகர்த்தாதீர்கள் என்றார்.

நகர்த்தவில்லை. பேருந்து நிறுத்தத்திலேயே இருக்கிறது. மூன்று பேரும் முறை வைத்துக் காவல் காக்கிறோம். ஈ இல்லாத பெட்டிக்கு எதற்குக் காவல் என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்கிறான். விவரம் கெட்டவர்கள். ஈ இருந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். இல்லாதபோதுதானே ஆள் நிற்க வேண்டும்.