ஊளையிட மறுத்த ஆள்காட்டி

காட்டின் நடுவே ஒரு பெரிய குளம். அதன் மேற்குக் கரையில் நரிகளும் ஆள்காட்டிக் குருவிகளும் வாழ்ந்தன. காட்டுச் சபையில் யானைகள் வைத்ததுதான் சட்டம். பேச்செல்லாம் பிளிறலில்தான் நடக்கும்.

"எங்கள் ஊளைக்கு இங்கே மரியாதை இல்லை! எங்கள் கரையை நாங்களே ஆண்டுகொள்கிறோம்!" என்றான் நரிகளின் தலைவன் கூர்வாயன்.

கேட்டதில் நியாயம் இருந்தது. ஆள்காட்டிகளும் அவனோடு நின்று கத்தின.

மேற்குக் கரை பிரிந்தது. பிரிந்ததும் கூர்வாயன் போட்ட முதல் சட்டம் என்ன தெரியுமா? "இந்தக் கரையில் இனி எல்லோரும் ஊளையிட்டுத்தான் பேச வேண்டும்!" கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் போட்டான்!

ஆள்காட்டிகளின் சார்பில் சபைக்குப் போய்வந்தவள் செங்கண்ணி. அவள் நேரே போய்க் கேட்டாள். "நேற்றுவரை உங்கள் ஊளைக்காக நானும்தானே கத்தினேன்? இன்று என் குரல் மட்டும் கசக்கிறதா?"

"தனிக் கரைக்கு ஒரே குரல்தான்! மறுப்பவர்கள் யானைகளின் கைக்கூலிகள்!"

செங்கண்ணி அடங்கவில்லை. பொட்டலில் தன் குஞ்சுகளைக் கூட்டி, "டிட்டிட்டீ!" என்று கத்தக் கற்றுக்கொடுத்தாள். "ஆபத்து வந்தால் இப்படிக் கத்துங்கள். இது நம் குரல்."

நரிகள் அவளைப் பிடித்துப் பழைய முள்ளம்பன்றி வளைக்குள் தள்ளின. வாசலைக் கல்லால் அடைத்தன.

கல் இடுக்கு வழியாகக் கூர்வாயன் தினமும் கேட்பான். "எல்லோர் முன்னாலும் ஒரே ஒருமுறை ஊளையிடு. விட்டுவிடுகிறேன்."

"ஊளை எனக்குப் பகையில்லை. ஆனால் என் குஞ்சுகளின் குரலைக் குற்றம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்!"

யானைகள் என்ன செய்தன? "மிகவும் வருந்துகிறோம்" என்று ஒரு புறாவிடம் சொல்லி அனுப்பிவிட்டு மூங்கில் தின்னப் போய்விட்டன. நல்ல வருத்தம்!

வளைக்குள் வெளிச்சம் இல்லை. செங்கண்ணியால் இறக்கையை விரிக்கக்கூட முடியவில்லை. வெளியே அவள் குஞ்சுகள் வாயைத் திறக்கவே பயந்தன.

ஒரு நண்பகலில் நாணல் மறைவில் சிறுத்தை பதுங்கி வந்தது. ஆள்காட்டிகள்தான் முதலில் பார்த்தன. கத்தினால் சிறை! ஆகவே சட்டப்படி எல்லாம் சேர்ந்து கீச்சுக் குரலில் ஊளையிட்டன.

மர நிழலில் படுத்திருந்த கூர்வாயன் மனைவியிடம் சிரித்தான். "கேட்டாயா? எவ்வளவு அழகாகப் பழகிவிட்டன!"

அவன் சிரித்து முடிப்பதற்குள் அவர்களுடைய குட்டியைச் சிறுத்தை கவ்விக்கொண்டு ஓடியது.

"ஏன் எச்சரிக்கவில்லை?" என்று அலறினான் கூர்வாயன்.

"எச்சரித்தோமே! உங்கள் சட்டப்படி ஊளையிட்டுத்தானே எச்சரித்தோம்!"

தாய் நரி அழுதுகொண்டே ஓடி, வளை வாசலில் இருந்த கல்லை உருட்டித் தள்ளினாள். செங்கண்ணி தடுமாறி வெளியே வந்தாள்.

கூர்வாயன் தலையைக் குனிந்துகொண்டு, "இனி நீங்கள் கத்தலாம். எங்களுக்குக் காவல் வேண்டும்" என்றான்.

"உன் குட்டிக்காக எனக்கும் நெஞ்சு பதறுகிறது, அம்மா" என்றாள் செங்கண்ணி, தாய் நரியிடம். பிறகு கூர்வாயன் பக்கம் திரும்பினாள். "காவலுக்காக நீ தரும் சலுகை எங்களுக்கு வேண்டாம்! சிறுத்தை வராத நாளிலும் கத்துவோம். சும்மாவும் கத்துவோம். அது எங்கள் குரல்!"

பொட்டலில் ஒரு குஞ்சு "டிட்டிட்டீ!" என்றது. அடுத்து இன்னொன்று. பிறகு கரை முழுவதும் அதே சத்தம்.

தன் மொழிக்கு உரிமை கேட்டவன் அடுத்தவன் வாயை அடைத்தால், அவன் கேட்டது வெறும் அதிகாரமே.