எட்டாவது துகளின் எடை எண்பத்து நாலு கிலோ

ஆமைப்பாறைப்பட்டிக்காரர்களை மக்கு என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. அவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்பவர்கள். சொல்கிறவர் யோசித்துச் சொல்லாவிட்டால் அது அவர்கள் குற்றமா?

அந்த ஊர் மலையைக் குடைந்து ஓர் ஆராய்ச்சிக்கூடம் கட்டியிருந்தார்கள். குகை நிறைய இரும்புத் தகடுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, டாக்டர் சந்திரமதி பதினோரு வருடமாக ஒரு துகளுக்காகக் காத்திருந்தார். வானத்திலிருந்து கோடி கோடியாக வந்து, மலையையும் மனிதரையும் துளைத்துக்கொண்டு, யாரையும் சட்டை செய்யாமல் போய்விடுகிற துகள் அது. எப்போதோ ஒன்று இரும்பில் மோதும். மோதினால் சிவப்பு விளக்கு எரியும். பதினோரு வருடத்தில் ஏழு முறை எரிந்திருந்தது.

காவலுக்கு மூன்று பேர். பவுன்ராசுவிடம் விசில் இருந்ததால் அவர் தலைமைக் காவலர். ஒச்சப்பன் ஒரு முறை கேட்டதை மறக்கவே மாட்டார். அதைப் புரிந்துகொள்ளும் வேலையை மட்டும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. மொக்கைச்சாமி சாப்பாட்டுக்குப் பொறுப்பு.

ஒரு நாள் தலைநகரிலிருந்து கடிதம் வந்தது. இந்தக் கூடத்தால் என்ன பயன் என்று பார்க்க அதிகாரி பரிமளநாதன் வெள்ளிக்கிழமை வருகிறார். பயன் இல்லையென்றால் குகையை மூடிவிடுவார். கூடவே ஒரு படிவம். குகைக்குள் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் பெயர், எடை, பயன் மூன்றும் எழுத வேண்டும். பயன் என்ற கட்டம் நிரம்பாத எதுவும் குகையை விட்டு வெளியே போகக் கூடாது. கீழே பரிமளநாதனின் கையெழுத்து, சீல்.

டாக்டரம்மா கடிதத்தை இரண்டு தரம் படித்தார். போன வருடமும் இதே கேள்வி வந்தது. ‘இப்போதைக்குத் தெரியாது, நூறு வருடம் கழித்துத் தெரியலாம்’ என்று உண்மையை எழுதி அனுப்பினார். ‘ஏற்பதற்கில்லை’ என்று திரும்பி வந்தது. இந்த முறை குகையே போய்விடும் என்று பயந்தார்.

அதிகாரியை ரயிலடியிலிருந்து தானே அழைத்து வரலாம் என்று வியாழன் காலையில் நகரத்துக்குக் கிளம்பினார். கிளம்புமுன் மூவரையும் கூப்பிட்டார்.

“உள்ளே துளி வெளிச்சம் போகக் கூடாது. சிவப்பு விளக்கு எரிஞ்சா எனக்கு போன் பண்ணுங்க. படிவத்தை ஒன்னு விடாம நிரப்புங்க. ஆபீசர் வெள்ளிக்கிழமை வருவார். அவர்கிட்ட மரியாதையா நடந்துக்கணும்.”

“அந்தத் துகள் வந்தா எப்படிம்மா அடையாளம் கண்டுக்கிறது?” என்றார் பவுன்ராசு.

“ரொம்ப தூரத்துல இருந்து வரும். எங்கேயும் நிக்காது. யாரையும் கண்டுக்காது. எடைன்னு பார்த்தா இருக்கா இல்லையாங்கிற மாதிரி.”

ஒச்சப்பன் மனப்பாடம் செய்துகொண்டார்.

முதல் கட்டளையிலிருந்து ஆரம்பித்தார்கள். குகைக்குள் வெளிச்சம் புகுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். புகுந்திருந்தது. மூலைக்கு மூலை இருந்தது. மொக்கைச்சாமி விளக்குமாற்றால் அதை வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்தார். டார்ச்சை அணைத்ததும் போய்விட்டது. மறுபடி போட்டுப் பார்த்தால் மறுபடி வந்திருந்தது. பேட்டரி தீரும்வரை விரட்டினார்கள். அதற்குப் பிறகு அது தலைகாட்டவில்லை.

அடுத்தது படிவம். வாசலில் உட்கார்ந்து எழுதினார்கள். பெயர்: இருட்டு. எடை: தூக்கிப் பார்க்கவில்லை. பயன்: மதியத் தூக்கம்.

பரிமளநாதன் அன்று நடுப்பகலிலேயே தனியாக ஜீப் ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். சொல்லாமல் வந்து பார்ப்பதுதான் ஆய்வு என்பது அவர் கொள்கை.

“நான்தான் ஆபீசர்,” என்றார்.

“ஆபீசர் வெள்ளிக்கிழமை வருவார். இன்னைக்கு வியாழன்,” என்றார் பவுன்ராசு.

ஆமைப்பாறைப்பட்டியில் யார் வந்தாலும் தண்ணீர் கொடுத்து, சாப்பிட வைத்துத்தான் அனுப்புவார்கள். மொக்கைச்சாமி சொம்பை நீட்டினார். பரிமளநாதன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே குகைக்குள் நடந்தார். உள்ளே கும்மிருட்டு. டமார் என்று ஒரு சத்தம் கேட்டது. ஏதோ கம்பி அசைந்திருக்க வேண்டும், சிவப்பு விளக்கு எரிந்தது.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தூரத்துல இருந்து வந்துச்சா?” என்றார் ஒச்சப்பன்.

“வந்துச்சு.”

“எங்கேயாவது நின்னுச்சா?”

“தண்ணிக்குக்கூட நிக்கல.”

“நம்மள கண்டுக்கிச்சா?”

“இல்லியே.”

பவுன்ராசு விசில் ஊதிவிட்டு டாக்டரம்மாவுக்கு போன் போட்டார். “அம்மா, ஒன்னு மாட்டிருச்சு.”

டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாளைக்கு ஆய்வு, இன்றைக்கு எட்டாவது துகள். “அப்படியே வச்சிருங்க. எதையும் கலைச்சிராதீங்க. ஆபீசர் பின்னால வரட்டும், காலையில முதல் பஸ்ல நான் வந்துர்றேன்,” என்றார்.

வாசலை மறித்துக்கொண்டு, விருந்தாளிக்கு உள்ளேயே இலை போட்டார்கள். சிவப்பு விளக்கு எரிகிறதே, வெளிச்சம் போகக் கூடாதே என்று மொக்கைச்சாமி கவலைப்பட்டார். அது வெளியிலிருந்து போகவில்லை, உள்ளேயே பிறந்தது என்று ஒச்சப்பன் விளக்கினார். பரிமளநாதன் கத்தினார், மிரட்டினார், பிறகு பசித்துப்போய் மூன்று தரம் ரசம் வாங்கிக்கொண்டார். அதன்பின் ரைஸ்மில்லிலிருந்து தராசைக் கொண்டுவந்து அவரை ஏற்றினார்கள். எண்பத்து நாலு கிலோ.

“எடை இருக்கா இல்லையாங்கிற மாதிரின்னாங்களே,” என்றார் மொக்கைச்சாமி.

“சாப்பாடு போட்டதுக்கு அப்புறம்தானே நிறுத்தோம்,” என்றார் ஒச்சப்பன்.

பாக்கி இருந்தது ஒரு கட்டம். பவுன்ராசு பேனாவைத் திறந்தார். “உங்களால என்ன பயன்?”

“நான் ஃபைல் பார்க்கிறேன்யா.”

“பார்த்து?”

“கையெழுத்துப் போடுவேன்.”

“போட்டா?”

“அடுத்த ஃபைல் வரும்.”

பவுன்ராசு வெகுநேரம் யோசித்தார். “திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நிக்குதே. பயன் எங்க இருக்கு?” என்று கேட்டுப் பேனாவை மூடினார். கட்டம் காலியாகவே கிடந்தது.

மறுநாள் விடிந்ததும் மூவரும் உள்ளே போய் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள். “வெள்ளிக்கிழமை ஆயிருச்சு. வணக்கம் ஆபீசர்.” ஒரு மாலையும் போட்டார்கள். ஆனால் வெளியே விடவில்லை.

முதல் பஸ்ஸில் ஓடிவந்த டாக்டரம்மா, தராசுக்குப் பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்த துகளைப் பார்த்தார். பதினோரு வருடமும் அந்த நிமிடத்தோடு முடிந்தது என்று நினைத்தார்.

“இந்த இடத்தை இன்னைக்கே மூடுறேன்,” என்றார் பரிமளநாதன்.

“தாராளமா மூடுங்க ஆபீசர்,” என்றார் பவுன்ராசு. “ஆனா பயன் கட்டம் நிரம்பாம நீங்க வெளியே போக முடியாது. உங்க கையெழுத்துதான், பாருங்க.”

பரிமளநாதன் பார்த்தார். அவர் கையெழுத்துத்தான். தன் கையெழுத்தை மீறி அவர் வாழ்நாளில் எதுவும் செய்ததில்லை.

டாக்டரம்மா பேனாவை வாங்கி, பரிமளநாதன் பெயருக்கு நேராக எழுதினார்: ‘இப்போதைக்குத் தெரியாது, நூறு வருடம் கழித்துத் தெரியலாம்.’

ஏற்பதா, மறுப்பதா? வாசலில் மொக்கைச்சாமி காலைச் சாப்பாட்டு இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பரிமளநாதன் ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வரியில் ஆராய்ச்சிக்கூடத்தின் பெயரை எழுதி, அதே பதிலை எழுதி, டாக்டரம்மா பேனாவை நீட்டினார். மேல் வரியை ஏற்றுவிட்டுக் கீழ் வரியை மறுக்கப் பரிமளநாதனுக்கு வழி தெரியவில்லை. அதற்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்புக்கு ஓடினார். டாக்டரம்மா இரும்புத் தகட்டில் சாய்ந்துகொண்டு, அழுதுகொண்டே சிரித்தார்.

காவலர்களுக்கு வேலை அதோடு முடியவில்லை. நூறு வருடம் கழித்து ஆபீசரைத் திரும்பக் கூப்பிட்டு என்ன பயன் என்று கேட்க வேண்டும் அல்லவா? நாளைக் குறித்துச் சுவரில் எழுதி வைத்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து மொக்கைச்சாமிக்கு மனசு சரியில்லை. இரண்டு நாள் கழித்து, சுவரில் எழுதியிருக்கும் அந்த வாரம் தன் மாமியார் ஊரில் திருவிழா என்றும், அன்று ஒரு நாள் தனக்கு லீவு வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார். ‘அன்று விருந்தாளி வருவதால் சமையலுக்கு ஆள் தேவை, அரை நாள் மட்டும் தரலாம்’ என்று பவுன்ராசு குறிப்பு எழுதினார். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து மொக்கைச்சாமி பவுன்ராசுவிடமும் டாக்டரம்மாவிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.