ஐம்பது இணைப்புகள்

"டீச்சர், டவுன்லோட் வேகம் செத்துப்போச்சு. எப்படிக் கூட்டுறது?" என்றார் அருளப்பன்.

தூத்துக்குடியில் தமயந்தி நடத்தும் கணினி மையம். அவளைவிட அவருக்கு இருபது வயது கூடுதல். ஆனாலும் ரிட்டையரான பிறகு அவருக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். அதனால் அவள் குரு.

யூஸ்நெட் என்று ஒன்று உண்டு. வாட்ஸப்புக்கெல்லாம் தாத்தா. அதில் ஒரு குழுவில் அவர் மனைவி ரெஜினா தான் பாடிய பாட்டுகளைப் போட்டு வைத்திருந்தாள். போன தவக்காலத்தில் அவள் இறந்துபோனாள். வீட்டு ஹார்ட் டிஸ்க்கும் கெட்டுவிட்டது. பாட்டுகள் மிச்சமிருக்கும் ஒரே சர்வரை இன்று எட்டு மணிக்கு மூடுகிறார்கள்.

இப்போது ஏழு தாண்டிவிட்டது. ஊரே இணையத்தில் விழுந்து கிடக்கும் நேரம்.

"சர்வருக்கு எத்தனை இணைப்பு திறந்திருக்கீங்க அண்ணாச்சி?"

"ஐம்பது. அதுக்கு மேல விடமாட்டேங்கான்."

"எத்தனை பாட்டு?"

"எல்லாத்தையும் ஒண்ணாத்தான் இறக்குதேன். எதை விட முடியும்?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். துக்கக்காரனுக்கு அதுவும் இருப்பதில்லை. யூஸ்நெட்டில் ஒரு பாட்டு பல துண்டுகளாகக் கிடக்கும். அத்தனை துண்டும் வந்தால்தான் கேட்க முடியும். அவரிடம் எல்லாப் பாட்டிலும் கொஞ்சம் இருந்தது. ஒன்றுகூட முழுதாக இல்லை.

"உங்க தெருவுல குழாய்த் தண்ணி வந்தா என்ன செய்வாங்க?"

"மோட்டார் போட்டு உறிஞ்சுவானுவ."

"எல்லாரும் போட்டா?"

"காத்துதான் வரும்."

சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார். ஐம்பதை அவரே நான்காகக் குறைத்தார். வேகம் கூடியது. கொஞ்சம்தான்.

"இனி எல்லாம் வந்திருமா டீச்சர்?"

அவள் மவுஸை வாங்கினாள். பாட்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாள்.

"ஒண்ணுதான் வரும். எதுன்னு சொல்லுங்க."

பட்டியலில் கிறிஸ்துமஸ் பாட்டைத் தொட்டார். விட்டார். தாலாட்டைத் தொட்டார். அதையும் விட்டார். ஒன்றைச் சொன்னால் மற்றதெல்லாம் போய்விடுமே என்று பயந்தார். தொட்டுத் தொட்டே நேரத்தைக் கரைத்தார்.

"அண்ணாச்சி, மணி எட்டாகப் போகுது, இனிமே எந்தப் பாட்டும் முழுசா வராது."

அவர் அழுதார். தமயந்தி அழவிட்டாள்.

பிறகு அவர் பட்டியலின் அடிக்குப் போனார். அங்கே ரெஜினா பேசிய ஒரு சின்னப் பதிவு. பாட்டுப் போடும் முன் சோதனைக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்பது யூஸ்நெட்டில் வழக்கம்.

"அதுல பாட்டு இல்லையே" என்றாள் தமயந்தி.

"பரவால்ல. அவ பேசுனா போதும்."

அது முழுதாக வந்து சேர்ந்தது. சற்று நேரத்தில் சர்வர் அடங்கிவிட்டது. தமயந்தி ஸ்பீக்கரை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"ஏங்க, அந்த ரூமுக்குக் கேக்குதா?" என்றாள் ரெஜினா.

அருளப்பன் எழுந்து நின்றார்.

"கேக்குது புள்ள."