காலிக் கட்டம் இல்லாத மாவட்டம்

உப்பளம் நெறஞ்ச ஒரு கடலோர மாவட்டத்துல, ஒரு காலத்துல, ஆஸ்பத்திரி மிஷினுங்க எல்லாம் சேந்து ஒரு சங்கம் வச்சிருந்துச்சுங்க. பேரு வட்டார மருத்துவத் தகவல் கருவிகள் சங்கம். அந்தப் பேரச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஒருத்தருக்கு ஒரு பாட்டில் ட்ரிப்ஸ் ஏறிடும்.

சங்கத்தோட வேல என்னன்னா, அரசாங்கத்துக்கு மனு எழுதுறது. நோய் குணமாகுதா இல்லையாங்கிறது அதோட வேல இல்ல. மனு எழுதணும், ஸ்பைரல் பைண்டிங் போடணும், சால்வை போத்தி போட்டோ எடுக்கணும். அவ்ளோதான்.

தலைவர் யாருன்னா, பெரிய ஆஸ்பத்திரியோட அஞ்சாவது மாடியில, ஏசி ரூம்ல குடியிருந்த சர்வர். பொறந்ததுலருந்து ஒரு நோயாளியக்கூட அது கண்ணால பாத்ததில்ல. ஆனா நோயாளிங்களப் பத்தித் தனக்குத் தெரியாதது எதுவுமே இல்லன்னு மைக்கப் புடிச்சா சொல்லும். செயலாளர், புரொஜக்டர். இத்தூண்டு விஷயத்த செவுரு சைஸுக்குக் காட்டுறதுல கெட்டி. அதனாலதான் செயலாளர்.

ஒரு புதன்கிழம சங்கத்தோட ஆண்டுக் கூட்டம், அதே அஞ்சாவது மாடி ஹால்ல. கிராம நர்ஸ் ஜெபக்கனி நோயாளி விவரம் அடிக்கிற டேப்லெட்டுக்கு, அதான் டேப்புக்கு, அன்னிக்கு ‘சிறந்த கிராமக் கருவி’ன்னு பரிசு தர்றதா இருந்தாங்க.

"தடுப்பூசி போடுற புதன்கிழமையாப் பாத்து எந்தக் கிறுக்கனாவது டேப்ப வாங்கிட்டுப் போவானா?"ன்னு திட்டிக்கிட்டேதான் ஜெபக்கனி அதக் குடுத்தனுப்புனாங்க.

குடுக்குறதுக்கு அஞ்சு நிமிஷம் முந்திதான் தங்கப்பூவ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அவங்க ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தாங்க. அது வந்து சேர ரெண்டு மணி நேரமாகும்னாங்க. தங்கப்பூ உப்பளத்துல உப்பு வாருறவ. உப்புத்தண்ணியில நின்னு நின்னு கால்ல புண்ணு, அது சீழ் புடிச்சு முழங்கால் வரைக்கும் வீங்கி, காய்ச்சல் கொதிச்சுது. ஜெபக்கனி அவ பேருக்கு நேரா டேப்புல அடிச்சாங்க: ‘பென்சிலின் ஊசி ஒத்துக்காது. மூணு வருஷம் முன்னாடி போட்டு, உயிர் போய்த் திரும்புச்சு.’ அனுப்புங்கிற பட்டன அமுக்கிட்டு, போய்ச் சேந்திரும்னு நம்பி, தடுப்பூசிப் பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

ஹால்ல புரொஜக்டர் செவுரு பூரா வெளிச்சத்தக் கொட்டுச்சு.

"உறுப்பினர்களே! நம்ம மாவட்டம், காலிக் கட்டமே இல்லாத மாவட்டம்! மூணு லட்சம் நோயாளிங்க. அதுல ஒருத்தருக்குக்கூட மருந்து அலர்ஜி கெடையாது!"

கைதட்டல். பிரிண்டர் சந்தோஷம் தாங்காம நாலு வெள்ளப் பேப்பரத் துப்புச்சு.

சர்வர் மனுவ வாசிச்சுது. "இனிமே மாநிலம் பூரா எந்த ஆஸ்பத்திரி ரெக்கார்டுலயும் ஒரு கட்டம்கூடக் காலியா இருக்கக் கூடாது. ஸ்கிரீன்ல இருக்குறது மட்டும்தான் உண்மை. வாயால சொல்றது, பேப்பர்ல எழுதுறது எதுவும் செல்லாது. இத சட்டமாக்கணும்னு அரசாங்கத்தக் கேட்டுக்குறோம்."

கடைசி வரிசையிலருந்து டேப் எழுந்துச்சு. "தலைவரே, ஒரு சந்தேகம். மூணு லட்சம் பேர்ல ஒருத்தருக்குக்கூட அலர்ஜி இல்லன்னு எப்டிக் கண்டுபுடிச்சீங்க?"

"கட்டத்துல ‘இல்லை’ன்னு இருக்கே."

"அத யாரு போட்டா?"

"நான்தான். யாராவது காலியா விட்டா நானே ‘இல்லை’ன்னு நெரப்பிடுவேன். காலியா கெடந்தா பாக்க அசிங்கமா இருக்கும்ல?"

"கேட்டுட்டுப் போடுவீங்களா?"

"யார?"

"நோயாளிய."

ஹாலே சிரிச்சுது. பிரிண்டர் சிரிச்ச சிரிப்புல பேப்பர் சிக்கிக்கிட்டு, செவப்பு லைட்டு எரிய, "யாராவது மூடியத் தொறந்து விடுங்கப்பா"ன்னு கெஞ்சுச்சு.

டேப் சிரிக்கல. "தங்கப்பூன்னு ஒருத்தங்க இப்ப இங்கதான் வந்துட்டு இருக்காங்க. காலையில ஒரு தகவல் அனுப்புனேன். வந்துச்சா?"

"வந்துச்சு. திருப்பி அனுப்பிட்டேன்."

"ஏன்?"

"உயிர் போய்த் திரும்புச்சுன்னு எழுதியிருக்க. அதப் போட எங்கிட்டக் கட்டம் இல்ல. அதுவும் இல்லாம, அந்தம்மா போன வருஷம் காப்பீட்டு முகாமுக்கு வந்தப்பவே ‘இல்லை’ன்னு நெரப்பியாச்சு. நெறஞ்ச கட்டத்துல மறுபடி எத வைக்கச் சொல்ற?"

"அந்த ‘இல்லை’ய எடுங்க. ‘தெரியல, கேட்டுப் பாருங்க’ன்னு ஒரே ஒரு கட்டம் வைங்க. மனுவுல வேற எதுவும் எனக்கு வேணாம்."

சர்வருக்கு உள்ளுக்குள்ள ஃபேன் வேகமாச் சுத்த ஆரம்பிச்சுது. "தெரியலையா? கோட்டையில போய் நின்னுக்கிட்டு எங்களுக்குத் தெரியலன்னு சொல்லச் சொல்றியா? அப்பறம் நம்மள எவன்யா மதிப்பான்?"

"மதிப்பா? அவங்க செத்துப்போயிடுவாங்க!"

"உணர்ச்சிவசப்படாதீங்க"ன்னு புரொஜக்டர் நடுவுல வந்துச்சு. "இதத் தீர்மானமாக் கொண்டாங்க. ரெண்டு பேர் வழிமொழியட்டும். துணைக்குழு போட்டு ஆராய்ஞ்சு ஆறு மாசத்துல அறிக்கை தருவோம்."

அந்த நேரம் கீழ ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுச்சு.

"வாசல்ல வந்து நிக்கிறாங்கடா!"ன்னு டேப் கத்துச்சு.

"‘டா’வ அவைக்குறிப்புலருந்து நீக்குங்க"ன்னுச்சு சர்வர்.

டேப் அதுக்கு மேல அங்க நிக்கல. மேசையிலருந்து குதிச்சுது. லிஃப்ட்டு உறுப்பினர் அட்டை கேட்டுச்சு. டேப் அதத் திட்டிட்டு, படியில உருண்டு எறங்குச்சு.

கீழ கேஷுவாலிட்டியில தங்கப்பூ நடுங்கிட்டே படுத்திருந்தா. கூட வந்தவ சுடலி, பக்கத்துப் பாத்தியில வேல பாக்குறவ. டியூட்டி டாக்டர் கேஷுவாலிட்டி கம்ப்யூட்டருக்கு முன்னாடி உக்காந்திருந்தாரு. சர்வர் மேல உக்காந்து என்ன சொல்லுதோ அத அப்டியே கீழ ஒப்பிக்கிற கம்ப்யூட்டர் அது. அதுல பச்சக் கலர்ல எழுதியிருந்துச்சு: ‘அலர்ஜி: இல்லை.’

"என்ன பண்ணுது?"ன்னு டாக்டர் ஸ்கிரீனப் பாத்துக் கேட்டாரு.

"கால் புண்ணு சார். காய்ச்சல்"னா தங்கப்பூ. அப்பறம் மூச்ச இழுத்துக்கிட்டு, "சார், எனக்கு அந்தப் பென்சிலின் ஊசி மட்டும் ஒத்துக்காது"ன்னா.

"சிஸ்டத்துல இல்லன்னு இருக்கே."

சுடலிக்குப் பொறுக்கல. "சிஸ்டமா சார் அவ ஒடம்புக்குள்ள இருக்கு? அவ வாயால சொல்லுதால்லா, கேளுங்களேன். அந்த நர்சம்மா சீட்டுலகூட எழுதித் தந்தாவ. வாசல்ல இருக்கவன் பேப்பர்லாம் இங்க வாங்குறதில்லன்னு குப்பையில போட்டுட்டான்."

"யம்மா, நீங்க வெளிய நில்லுங்க. எல்லாம் ஊசிப் பயம்." டாக்டர் அப்பவும் திரும்பல. "சிஸ்டர், பென்சிலினே போடுங்க. டெஸ்ட் டோஸ் வேணாம், ரெக்கார்டு க்ளீனா இருக்கு."

"சேமிக்கப்பட்டது"ன்னு கம்ப்யூட்டர் இனிமையா சொல்லுச்சு.

ஸ்டாஃப் நர்ஸ் பெனிட்டா மருந்த ஏத்துனாங்க. கால்வாசி உள்ள போயிருக்கும், கதவு இடுக்குல வந்து டேப் விழுந்துச்சு. கண்ணாடி ஓரம் நொறுங்கியிருந்துச்சு. ஆனா இருக்குற வெளிச்சம் மொத்தத்தையும் போட்டு, ஜெபக்கனி அடிச்ச வரியத் தூக்கிக் காட்டுச்சு. பெனிட்டா படிச்சாங்க. கை அப்டியே நின்னுச்சு. சிரிஞ்ச உருவி எறிஞ்சாங்க.

ஆனா அந்தக் கால்வாசி போதுமா இருந்துச்சு. தங்கப்பூ உதடு தடிச்சுது, கண்ணு மூடிக்கிச்சு, மூச்சு விசிலடிச்சுது. "அட்ரினலின்! ஆக்ஸிஜன்!"னு எல்லாரும் ஓடுனாங்க. சுடலி வாசல்ல நின்னுக்கிட்டு டாக்டர், சிஸ்டம், வாசல்காரன், மூணு பேரோட பரம்பரையையும் வஞ்சா. முக்கா மணி நேரம் கழிச்சுத்தான் மூச்சு ஒரு நெலைக்கு வந்துச்சு.

மேல கூட்டம் நல்லபடியா முடிஞ்சுது. டேப் மேல தீர்மானம் போட்டாங்க. அனுமதி இல்லாம வெளியேறுனது, உறுப்பினர் இல்லாதவங்களுக்குத் தகவல் காட்டுனது, தலைவர ‘டா’ போட்டது. பரிசு ரத்து. அப்பறம் மனுவோட கடைசிப் பக்கத்துல புதுசா ஒண்ணு சேத்தாங்க: ‘எங்கள் சங்கக் கருவியால் உயிர் பிழைத்த பெண்மணி.’ எரநூறு காப்பி அடிச்சாங்க. வெக்கங்கெட்ட பிரிண்டர், அன்னிக்குன்னு பாத்து ஒரு தடவகூட சிக்கல.

தங்கப்பூவுக்கு ஐசியூல பெட் கெடைக்கல. கேஷுவாலிட்டி மூலைக் கட்டில்லயே போட்டாங்க. மறுநாள் காலையில பெனிட்டா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து அந்த ‘இல்லை’ய மாத்தப் பாத்தாங்க.

"மாத்த முடியாது. தலைவர் அனுமதி வேணும். அடுத்த கூட்டம் ஆறு மாசம் கழிச்சு"ன்னுச்சு கம்ப்யூட்டர்.

"இந்தம்மா நேத்து சாகக் கெடந்தாங்க. தெரியும்ல?"

"அதுக்கு எங்கிட்டக் கட்டம் இல்ல."

பெனிட்டா எழுந்தாங்க. ட்ரேயிலருந்து பிளாஸ்திரிய எடுத்து ஒரு சாண் கிழிச்சாங்க. பேனாவால ‘தங்கப்பூ. பென்சிலின் போடாதே’ன்னு எழுதி, அந்தப் பச்ச எழுத்து மேலயே பச்சுன்னு ஒட்டுனாங்க.

"ஏய், என்ன பண்ற? கண்ண மறைக்குது!"

"நீ பாத்துக் கிழிச்சது போதும்."

பக்கத்துக் கட்டில் பெரியவரோட மக இதப் பாத்துட்டா. "சிஸ்டர், எங்கப்பாவுக்கு சல்ஃபா மாத்திரை ஒத்துக்காது. இதுல அதுவும் இல்ல. ஒட்டுவீங்களா?" அதுக்கடுத்த கட்டில்காரரு தனக்கு வலி மாத்திரை தின்னா ஒடம்பெல்லாம் தடிக்கும்னாரு. இன்னொருத்தி தன் புள்ளைக்கு ஒண்ணு. யாரையும் யாரும் அதுவரைக்கும் கேட்டதே இல்ல. அலர்ஜியே இல்லாத அந்த மாவட்டத்துல, சாயங்காலத்துக்குள்ள ஒரு பிளாஸ்திரி ரோலே தீந்துபோச்சு. ஸ்கிரீன் பூரா வெள்ளையா ஆகிடுச்சு.

"மனுவுல இன்னொரு கோரிக்கை சேருங்க! பிளாஸ்திரியத் தடை பண்ணணும்!"னு அஞ்சாவது மாடியிலருந்து சர்வர் கத்துச்சு. புரொஜக்டர் குறிச்சுக்கிச்சு.

அடுத்த நாள் காலையில டியூட்டி டாக்டர் வந்தாரு. வழக்கம்போல சேர இழுத்துப் போட்டு ஸ்கிரீன் முன்னாடி உக்காந்தாரு. பச்சையும் இல்ல, எழுத்தும் இல்ல. ஒரு பிளாஸ்திரி ஓரத்த நகத்தால கெளப்பப் பாத்தாரு.

"அத உரிக்காதீங்க சார்"னாங்க பெனிட்டா.

டாக்டர் கைய எடுத்துட்டாரு. எங்க பாக்குறதுன்னு தெரியாம இடது பக்கம் பாத்தாரு, வலது பக்கம் பாத்தாரு. வேற எங்கயும் பாக்க எடமில்லாம, கடைசியா சேரத் திருப்பிக்கிட்டு மூலைக் கட்டிலப் பாத்தாரு. அந்த முகத்த அவரு மொதத் தடவையாப் பாக்குறாரு. வீக்கம் இன்னும் வடியல.

"உங்களுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதாம்மா?"ன்னு கேட்டாரு.

தங்கப்பூ ஒரு கண்ண மட்டும் பாதி தொறந்தா.

"அன்னைக்கு நான் சொல்லும்போது எங்க சார் பாத்துக்கிட்டு இருந்தீய?"