காலியாக விட்ட கட்டம்

காலணிக் கம்பெனியின் கணினிப் பிரிவில் வேலை பார்த்த ரஃபீக், ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க அலுவலகத்துக்கு வந்து தோழர் மரகதத்திடம் தொழிலாளர் சட்டம் படித்தார். சட்டத்தைக் கல்லூரியில் படித்தவர்கள் பலர் நிர்வாகத்தின் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மரகதம் துண்டுப் பிரசுரத்தில் படித்தவர். அவர் போகவில்லை.

அன்று ரஃபீக் சந்தோஷமாக வந்தார்.

“நான் செஞ்சு குடுத்த ஏற்பாட்டை எல்லாரும் பாராட்டுறாங்க தோழர். முன்னெல்லாம் கம்ப்யூட்டர் படிவத்துல பேரு, டோக்கன் நம்பர், பிரிவுன்னு பக்கத்துக்குப் பக்கம் அடிக்கணும். இப்ப ஒரு கட்டத்துல அடிச்சா போதும். பின்னால எந்தக் கட்டம் காலியா இருந்தாலும், முன்னால இருக்கறது தானா வந்து அதுல உட்கார்ந்துக்கும்.”

நிர்வாகம் வேலையைக் குறைத்துக் கொடுத்தால், எங்கள் காலத்து ஆட்கள் முதலில் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார்கள்.

“எந்தக் கட்டமா இருந்தாலுமா?” என்று கேட்டார் மரகதம்.

“எதுவா இருந்தாலும். காலியா இருந்தா படிவம் அடுத்த மேஜைக்கு நகராதே. ஏன் தோழர், இதுல என்ன தப்பு?”

மரகதம் எழுந்து போய்க் கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டார். ஒன்றின் மேல் ‘குற்றச்சாட்டு’ என்று எழுதினார். மற்றதன் மேல் ‘விளக்கம்’. பெஞ்சில் இருந்த கம்பெனித் தொழிலாளிப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

முதல் கட்டத்துக்குள் எழுதினார்: ‘ரஃபீக் நிர்வாகத்தின் ஆள்.’



மரகதம் சற்றுப் பொறுத்தார். பிறகு விளக்கக் கட்டத்துக்குள்ளும் அதையே எழுதி, அடியில் ‘இப்படிக்கு, ரஃபீக்’ என்று முடித்தார்.

“தோழர், நான் இன்னும் வாயே திறக்கலையே.”

“ஆமா. காலியா இருந்துச்சு.”

“ஒத்துக்கிட்டாருல்ல, டீக்குக் காசு வாங்குங்க” என்றாள் பெஞ்சின் ஓரத்தில் இருந்த ஸ்டெல்லா. பெண்கள் சிரித்தார்கள். தேவகிருபை மட்டும் சிரிக்கவில்லை.

அவள் பசை ஒட்டும் பிரிவு. ஒருநாள் பசை வாடையில் தலை சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சூப்பர்வைசர் ‘வேலை நேரத்தில் தூங்கினார்’ என்று கம்ப்யூட்டர் படிவத்தின் குற்றச்சாட்டுக் கட்டத்தில் எழுதி அனுப்பினார். சங்கத்து ஆள் பக்கத்தில் இல்லாமல் விளக்கம் எழுதக் கூடாது என்பது இந்தக் கம்பெனியில் எங்கள் வழக்கம். அந்த வழக்கத்துக்காகக் கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்று அடி வாங்கியவர்கள் உண்டு. தேவகிருபை அதன்படியே கட்டத்தைக் காலியாக விட்டாள். ‘படித்துவிட்டேன்’ என்ற பொத்தானை மட்டும் அழுத்தினாள்.

இப்போது அவள் பெயரில் விளக்கம் இருக்கிறது: ‘வேலை நேரத்தில் தூங்கினார்.’ அவளே ஒப்புக்கொண்டாள், வேலையை விட்டு நீக்கலாம் என்கிறது நிர்வாகம். நாளைக் காலை விசாரணை.

“நான் ஒரு எழுத்துகூட எழுதலண்ணே” என்றாள் தேவகிருபை. “சங்கத்துல சொன்ன மாதிரி சும்மாதான் விட்டேன்.”

ரஃபீக் பலகையைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

“விளக்கக் கட்டத்துக்கு மட்டும் அந்த ஏற்பாட்டை எடுத்துடுறேன் தோழர். ஆனா காலியா விட்டா படிவம் அங்கேயே நின்னுடும்.”

“நிக்கணும்னுதானே அவ காலியா விட்டா.”

மரகதம் ரஃபீக் பக்கம் திரும்பினார்.

“அது அவ எழுதினதில்ல, என் ஏற்பாடு எழுதினதுன்னு நாளைக்கு விசாரணையில வந்து சொல்வீங்களா?”

சொன்னால் அவர் வேலை போகும். அந்த அறையில் அது தெரியாதவர்கள் இல்லை. ரஃபீக் தலையைக் குனிந்துகொண்டார்.

மரகதம் விளக்கக் கட்டத்தில் இருந்ததை உள்ளங்கையால் துடைத்தார்.

“அதான் பேச்சே காணோமே” என்றாள் ஸ்டெல்லா. “வரமாட்டாருன்னு எழுதிக்குங்க தோழர்.”

மரகதம் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

“அதை அவர் சொல்லணும். அதுவரைக்கும் இது காலியாவே இருக்கட்டும்.”